அப்ஹார் என்றால் அபாரம் இல்லை

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு. நாம் தப்பாகச் சொன்னாலும் மாணவனுக்குத் தெரியாது. ஓர் அசௌகரியமும் உண்டு. சரியாகச் சொன்னாலும் அவன் நம்பமாட்டான்.

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுத்தேன். மாடியில் ஒரே ஒரு ஹால். பாதியில் எட்டு மிஷின்கள், மீதியில் என் வகுப்பு. அந்தப் பக்கம் 'ஏ எஸ் டி எஃப்' என்று தட்டுவார்கள், இந்தப் பக்கம் நான் 'ஹி கோஸ், தே கோ' என்று கத்துவேன். புதுத் துறைமுகம் வந்துகொண்டிருந்த காலம். அதுவரை கடலை நம்பியும் உப்பை நம்பியும் இருந்த ஊர், ஒரே நாளில் இங்கிலீஷை நம்பத் தொடங்கிவிட்டது. நான் நாசரேத்துக்காரி, பி.ஏ. இங்கிலீஷ். வேறு என்ன வேலைக்குப் போவேன்? சாக்பீஸ் தூளை மூக்கால் இழுத்துத் தொண்டை கட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு மடக்கு வெந்நீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள். நாமெல்லாம் ஒரே ஜாதி.

சொல் பிறந்த கதை

இன்ஸ்டிடியூட் முதலாளி தங்கராஜ் அண்ணாச்சிக்கு விளம்பரத்தில் நம்பிக்கை அதிகம். மாடிப்படிக்குக் கீழே ஒரு கரும்பலகை மாட்டி, தினம் ஓர் ஆங்கிலச் சொல்லும் அதன் அர்த்தமும் எழுதச் சொன்னார். கையில் இருந்தது ஒரே ஒரு பழைய அகராதி. அதை முதல் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று உத்தரவு. 'காசு குடுத்து வாங்குன புஸ்தகத்த நடுவுல இருந்தா படிப்பாக?' ஆகவே எங்கள் மாணவர்களின் ஆங்கிலம் முழுக்க 'ஏ' வரிசையிலேயே இருந்தது. அபாண்டன் தெரியும், அபேட் தெரியும். குட் மார்னிங்குக்கு இன்னும் ஆறு மாதம் ஆகும்.

அப்படித்தான் நான்காம் பக்கத்தில் 'அப்ஹார்' வந்தது. 'வெறுத்தல், அருவருத்தல்' என்று பக்கத்தில் எழுதினேன். அண்ணாச்சி வந்து நின்று பார்த்தார். அவர் தமிழ்ப் பற்று உள்ளவர். தப்பு என்று தலையை ஆட்டினார். 'அபாரம்' என்ற நம்முடைய சொல்தான் கடல் தாண்டிப் போய் 'அப்ஹார்' ஆகியிருக்கிறது, அதற்கு 'பிரமாதம்' என்றுதான் அர்த்தம் இருக்க முடியும் என்றார். அகராதியைக் காட்டினேன். அகராதி எழுதியவன் வெள்ளைக்காரன், வாங்கினதை எப்படி ஒத்துக்கொள்வான் என்றார். அபாரமே வடமொழி, அண்ணாச்சி என்றேன். அது அவர் காதில் விழவில்லை.

மறுநாள் காலை வந்து பார்த்தால் 'வெறுத்தல், அருவருத்தல்' என்பதை அழித்துவிட்டு அந்த இடத்தில் வகுப்பு நேரத்தை எழுதி வைத்திருந்தார். சொல் மட்டும் அர்த்தமில்லாமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "கட்டுமரம் இங்கிலீஷுக்குப் போச்சு, மிளகுத்தண்ணி போச்சு, அபாரம் மட்டும் இங்கனயே கெடக்கும்னு சொல்லுதீங்களா டீச்சர்?"

ஸாரி

என் வகுப்பில் சூசை என்று ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சங்கு குளிப்பவர். அவருடைய அப்பா முத்துக் குளித்தவர். முத்துக்குளிப்பு நின்ற பிறகு மகனுக்குச் சங்குதான் மிச்சம். கையில் ஒரு பெரிய தழும்பு. புதுத் துறைமுகத்தில் படகில் போய்க் கப்பலுக்குக் கயிறு கட்டுகிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், இன்டர்வியூ இங்கிலீஷில் என்று யாரோ சொல்ல, மூன்று பிள்ளைகளின் தகப்பன் முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கரும்பலகை கெட்டுப்போனதால் அந்தச் சொல்லை வகுப்பில் நான் விரிவாகவே நடத்தினேன். லத்தீனிலிருந்து வந்தது, 'அப்' என்றால் விலகி, மீதிக்கு மயிர் சிலிர்த்து நடுங்குவது என்று அர்த்தம், ஹாரர் படம் என்கிறோமே, அதற்கும் இதற்கும் ஒரே வேர், சும்மா 'பிடிக்கவில்லை' இல்லை, பார்த்ததும் உடம்பே நடுங்கி ஒதுங்குமே, அது என்றேன். குமாஸ்தாக்கள் கொட்டாவி விட்டார்கள். சூசை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டீச்சர், எங்களுக்குச் சொறி" என்றார். தண்ணீருக்குள் கண்ணாடி மாதிரி மிதந்து வரும், மேலே பட்டால் தீக்காயம் மாதிரி எரியும், ஜெல்லி மீன் என்கிறார்களே, அந்தச் சொறிதான். கையிலிருக்கும் தழும்பு அது போட்டது. சட்டைக் கையை மடித்துக் காட்டினார். சொல்லும்போதே ரோமம் குத்திட்டு நின்றது. லத்தீன் தெரிந்த எந்தச் சாமியாரும் அந்தச் சொல்லை அவ்வளவு சுத்தமாக விளங்கிக்கொண்டிருக்க மாட்டார்.

இன்டர்வியூவில் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் வடக்கத்திக்காரர். கடல் வேலையை ஏன் விடுகிறாய், கடல் பிடிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறார். சூசை எழுந்து நின்று, "நோ சார். சீ, ஐ லவ். சொறி, ஐ அப்ஹார்" என்றிருக்கிறார். அதிகாரிக்கு 'ஸாரி' என்று காதில் விழுந்திருக்கிறது. "எதற்கு ஸாரி?" "சொறி சார், ஒன்லி சொறி." "பரவாயில்லை, உட்கார்." இவர் விடவில்லை. சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டி, "சொறி! சொறி!" என்றிருக்கிறார். அதிகாரி எழுந்து வந்து தோளைத் தட்டி உட்கார வைத்தாராம்.

வேலை கிடைத்துவிட்டது. மறுவாரம் ஒரு சீப்பு நாட்டுப்பழத்தோடு வகுப்புக்கு வந்து நின்றார். கண்ணெல்லாம் தண்ணீர். எப்படிக் கிடைத்தது என்று கேட்டோம். "உள்ள வந்தவங்கள்ல நான் ஒருத்தன்தான் மரியாதை தெரிஞ்சவனாம், டீச்சர். இத்தன தடவ ஸாரி கேட்டவன் எவனுமே இல்லன்னு சொல்லி எழுதிக்கிட்டாங்க."

ஆர்டர் வந்த அர்த்தம்

கப்பல்களுக்குக் காய்கறி, ஆட்டுக்கறி, குடிதண்ணீர் எல்லாம் ஏற்றித் தருகிற கடை ஒன்றில் லூர்து என்ற பையன் குமாஸ்தா. பையன் என்றேன், கல்யாணமானவன்தான். மீசையில் மட்டும் இன்னும் அனுபவம் வரவில்லை. வகுப்புக்கு வாரத்தில் இரண்டு நாள் வருவான், அந்த இரண்டு நாளும் தாமதமாக வருவான். ஆகவே அவன் ஆங்கிலம் பெரும்பாலும் படிக்கட்டில், கரும்பலகையைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஆங்கிலம். பலகையில் அர்த்தம் இல்லாவிட்டால் தங்கராஜ் அண்ணாச்சியிடம் கேட்டுக்கொள்வான்.

நங்கூரம் போட்டிருந்த ஒரு கிரேக்கக் கப்பலின் கேப்டனுக்கு அவன் கடிதம் எழுதினான். நகலை என்னிடம் கொண்டுவந்து காட்டினான், பாராட்டு வாங்குவதற்காக. 'மதிப்பிற்குரிய ஐயா, நாங்கள் உங்களை அப்ஹார் செய்கிறோம். உங்கள் கப்பலையும் உங்கள் சிப்பந்திகளையும் அப்ஹார் செய்கிறோம். எத்தனை முறை வந்தாலும் இதே போல் அப்ஹார் செய்வோம் என்று உறுதி கூறுகிறோம்.' "ஏல லூர்து, இதை அனுப்பிட்டியா?" என்றேன். அனுப்பி இரண்டு நாள் ஆகிவிட்டதாம். அர்த்தத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. அவன் முதலாளி கோபக்காரர். அதற்கு முந்தைய குமாஸ்தாவை ஒரே ஒரு பூசணிக்காய்க்காக வீட்டுக்கு அனுப்பியவர். லூர்துக்குப் பெண்டாட்டி மாசமாக இருந்தாள். மன்னிப்புக் கடிதம் ஒன்று நானே எழுதிக் கொடுத்தேன். அதில் 'ஏ'யில் தொடங்கும் சொல் ஒன்றுகூட வராமல் பார்த்துக்கொண்டேன்.

அந்தக் கடிதத்தை அனுப்பத் தேவையே வரவில்லை. மறுநாள் படகில் கேப்டனின் பதில் வந்துவிட்டது. கேப்டனுக்கும் ஆங்கிலம் நம் ஊர் மாதிரியேதான் போலிருக்கிறது. 'அன்புள்ள நண்பர்களே, நானும் உங்களை மனமார அப்ஹார் செய்கிறேன்' என்று தொடங்கி, கீழே ஒரு பக்கம் முழுக்க வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை, ஆடு. முதலாளி அந்தக் கடிதத்தை மரச்சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். நான் விடாமல், கேப்டனும் தப்பாகத்தான் எழுதியிருக்கிறார் என்று லூர்துக்கு விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "நீங்க சொன்ன அர்த்தம் சரியாவே இருக்கட்டும் டீச்சர், ஆனா ஆர்டர் வந்தது என் அர்த்தத்துக்குத்தான்."

தொடர் நிகழ்காலம்

விருப்பு வெறுப்பைச் சொல்லும் வினைகளை ஆங்கிலத்தில் சாதாரணமாக 'இங்' போட்டுச் சொல்வதில்லை. 'ஐ ஆம் அப்ஹாரிங்' என்று எழுதக்கூடாது, 'ஐ அப்ஹார்' போதும். இதை நடத்தியபோது உப்பளம் ஒன்றில் எழுத்தராக இருந்த சண்முகம் கையைத் தூக்கினார். விளாத்திகுளத்துக்காரர், பேச்சு குறைவு. 'ஐ ஆம் அப்ஹாரிங் மை மேனேஜர்' என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார். நான் சிவப்பு மையால் அடித்தேன்.

அவர் அதை மறுபடி எழுதினார். மறுபடி அடித்தேன். மூன்றாம் முறை நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு, வெயிலில் கறுத்த முகத்தை நிமிர்த்தி, ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "காலையில எட்டு மணிக்குத் தொடங்குனா சாயங்காலம் அஞ்சு வரைக்கும் விடாம நடக்கு டீச்சர், இது தொடர் நிகழ்காலம் இல்லாம வேற என்னது?"

யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி

இதுவரை சொன்னதெல்லாம் சிரிப்பதற்கு. இது சிரித்து முடித்த பிறகு யோசிப்பதற்கு.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிற்றுக்கடை வைத்திருந்த முத்தையா அண்ணாச்சியின் மகள் செல்வி, எங்களிடம் டைப்பும் படித்தாள், என்னிடம் ஆங்கிலமும் படித்தாள். மூன்றாவது மிஷின் அவளுடையது. அவளைப் பெண் பார்க்க ஏரலிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை. பலகாரம் சாப்பிட்டுவிட்டு, பெண்ணுக்கு இங்கிலீஷ் வருமா, ஒரு லெட்டர் எழுதிக் காட்டட்டும் என்றிருக்கிறார்கள். பாடச் சொல்வதற்குப் பதில் இது. செல்வி உள்ளே போய் ஐந்து நிமிஷத்தில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். மாப்பிள்ளை வாசித்தான். மாப்பிள்ளையின் மாமா வாங்கி வாசித்தார். "பிரமாதம்! அபாரம்னு எழுதியிருக்கா" என்றார் மாமா. மாப்பிள்ளை ஆமாம் என்று தலையை ஆட்டினான். தெரியாத சொல்லைத் தெரியாது என்று ஒத்துக்கொண்ட ஆண்பிள்ளையை நான் அந்தத் தொழிலில் கண்டதில்லை. அங்கேயே தட்டு மாற்ற நாள் குறித்துவிட்டார்கள்.

நாலு நாள் கழித்து முத்தையா அண்ணாச்சி அந்தக் கடிதத்தோடு மாடியேறி வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "டீச்சரம்மா, சம்பந்தக்காரரு இத ஏரல் பஜார் பூரா காட்டிட்டுத் திருப்பிக் குடுத்தாரு. எம்மவ அப்படி என்னதான் எழுதியிருக்கான்னு வரிவரியாச் சொல்லுங்க. எனக்கும் வீட்டுலயும் ஒண்ணும் புரியல" என்றார். வாங்கிப் பார்த்தேன். 'டியர் சார்' என்று தொடங்கி, 'நான் உங்களைப் பார்த்தேன். நான் உங்களையும் இந்தக் கல்யாணத்தையும் அப்ஹார் செய்கிறேன்' என்று எழுதி, நான் சொல்லிக்கொடுத்த வியாபாரக் கடித முறைப்படி 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' என்று முடித்திருந்தாள். விசுவாசமுள்ளவள் என்று அவளே எழுதிவிட்டாள், இதற்கு மேல் என்ன குணம் வேண்டும் என்று மாமா புகழ்ந்தாராம்.

மூன்றாவது மிஷின் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் எட்டு மிஷினும் நின்றுவிட்டன. முத்தையா அண்ணாச்சியின் முதுகுக்குப் பின்னால் தங்கராஜ் அண்ணாச்சி நின்று, சொல்லாதீர்கள் என்று எனக்குக் கையாலும் கண்ணாலும் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் பயம் நியாயமானது. டைப் படித்த பெண் கல்யாணத்தைக் கெடுத்தாள் என்று பேச்சு கிளம்பினால் பாதி மிஷின் காலியாகிவிடும். 'நல்லா எழுதியிருக்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். செல்வியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை; மிஷினில் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு துடித்தது. "வெறுக்கிறேன்னு எழுதியிருக்கா, அண்ணாச்சி. மாப்பிள்ளைய வெறுக்கிறேன், இந்தக் கல்யாணத்தை வெறுக்கிறேன். அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம் கிடையாது" என்றேன்.

அவர் கடிதத்தை வாங்கி மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார். "ஏளா" என்று கூப்பிட்டார். செல்வி எழுந்து வந்தாள். "இதத் தமிழ்ல சொல்ல ஒனக்கு வாய் வரலியா?"

"தமிழ்ல சொன்னா அடிப்பீய. இங்கிலீஷ்ல சொன்னா ஊரே மெச்சுது" என்றாள். அப்புறம்தான் அழுகை வந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவள் அம்மா காபி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். மாப்பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு மாமாவிடம் ஆங்கிலத்தில், 'கடல் தண்ணியைக் காய்ச்சிக் குடுத்திருக்காங்க. குடுத்துட்டு இந்தம்மா சிரிக்கிற சிரிப்பப் பாருங்க' என்றானாம். ஏதோ புகழ்கிறார்கள் என்று நினைத்து அம்மா இன்னும் கொஞ்சம் ஊற்றினாளாம். கதவுக்குப் பின்னால் நின்ற செல்விக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. மூன்று வருஷமாக நான் கத்திய கத்தலுக்கு அன்றைக்குத்தான் பலன்.

முத்தையா அண்ணாச்சி ஓர் அடி முன்னால் வந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நான் எழுந்து அவளுக்குக் குறுக்கே நின்றுகொண்டேன். அவர் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், படியிறங்கப் போனவர் திரும்பினார். "உப்புத்தண்ணின்னா சொன்னான்? சரிதான், நம்ம ஊருத் தண்ணி அது. குடிக்கப் பிடிக்காதவன் வீட்டுக்கு எதுக்குளா பொண்ணு குடுக்கணும்?"

ஒரு புது மாணவி

கல்யாணம் நின்றது. ஏரல் மாமா, அகராதி அச்சுப்பிழை என்று கடைசிவரை சாதித்தாராம். தங்கராஜ் அண்ணாச்சி பயந்தபடியே இரண்டு வீட்டில் பெண்களை நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. கரும்பலகையையும் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு நாள், வகுப்பு தொடங்குகிற நேரத்தில், நாற்பது வயதுப் பெண் ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றாள். கையில் புது நோட்டு. செல்வியின் அம்மா. குமாஸ்தாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேலை கிடைத்த பிறகும் வகுப்பை விடாத சூசைதான் முதல் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். இந்த வயதில் எதற்கு அக்கா, மகள்தான் இருக்கிறாளே, அர்த்தம் சொல்வாளே என்றேன். அவள் நோட்டை விரித்து வைத்து, பென்சிலைக் கூராக்கிக்கொண்டே சொன்னாள்: "அவன் அப்படிப் பேசும்போது நான் சிரிச்சிக்கிட்டு நின்னேன்லா டீச்சர், அதுதான் எனக்கு ஆற மாட்டேங்கு."

வெறுப்பைச் சொல்ல ஆங்கிலத்தில் எத்தனையோ வினைச்சொற்கள் இருக்கின்றன, தமிழிலும் இருக்கின்றன. தமிழில் அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வராதவர்கள் இருந்ததால்தான் எனக்கு அத்தனை வருஷம் பிழைப்பு நடந்தது.